நியூட்டையும் மீனையும் ஒரே தொட்டியில் விடலாமா?

பெங்களூர் அல்சூரில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் நீங்கள் கேட்டிருப்பது இதுதான். மூன்றடி நீளத் தொட்டியில் ஏழெட்டு கப்பி, ஒரு டஜன் நியான் டெட்ரா, இரண்டு ஏஞ்சல், ஒரு சக்கர் மீன் ஆகியவை இரண்டு ஆண்டுகளாக நலமாக இருக்கின்றன. வெளிநாட்டுக்குக் குடிபெயரும் உறவினர் ஒருவர், தாம் வளர்த்த, பார்வைக்குப் பல்லிபோல் இருக்கும், வயிறு சிவந்த இரண்டு நியூட்டுகளை உங்களிடம் ஒப்படைத்துவிட்டார். இப்போதைக்கு அவை ஒரு பிளாஸ்டிக் டப்பில் இருக்கின்றன. இன்னொரு தொட்டிக்கு வீட்டில் இடம் குறைவு என்பதால் அவற்றை மீன்களோடு விடலாமா, விடுவதானால் எந்த மீனை அப்புறப்படுத்த வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

விட வேண்டாம் என்பதே என் பதில். ஏதோ ஒரு மீனை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்ற நிலையும் இல்லை. உங்களிடம் உள்ள நான்கு வகைகளில் ஒன்றுகூட நியூட்டோடு சேர்ந்து வாழத் தக்கதல்ல. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதே பெங்களூரில் மீன் வளர்க்கிறேன், நியூட்டும் வளர்த்திருக்கிறேன், இரண்டையும் ஒன்றாக வைத்துப் பட்டும் இருக்கிறேன். காரணத்தைச் சொல்லாமல் 'கூடாது' என்று மட்டும் சொன்னால் பலர் சில நாள் பொறுத்துவிட்டு, 'சும்மா விட்டுத்தான் பார்ப்போமே' என்று விட்டுவிடுகிறார்கள். விட்ட முதல் இரண்டு வாரங்களில் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அதுவே அவர்களை ஏமாற்றிவிடுகிறது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நியூட் மீனும் அல்ல, பல்லியும் அல்ல; தவளைக்குத் தூரத்து உறவான, வால் உள்ள ஓர் இருவாழ்வி. நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால், மேல்புறம் கறுத்தும் வயிறு செம்மஞ்சள் நிறத்தில் கரும்புள்ளிகளோடும் இருக்கும் ஃபயர் பெல்லி நியூட்டாக, அதாவது சீனாவைச் சேர்ந்த சைனாப்ஸ் ஓரியண்டாலிஸ் இனமாக இருக்க வேண்டும். வளர்ந்தபின் 6 முதல் 10 சென்டிமீட்டர் வரைதான் இருக்கும். ஆனால் நன்றாகப் பராமரித்தால் 15, 20 ஆண்டுகள்கூட வாழும். கப்பியைப் போல இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடும் பொறுப்பு அல்ல இது. இன்று ஒன்பது வயதான உங்கள் மகள் கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் காலத்திலும் இவை உங்கள் வீட்டில் இருக்கக்கூடும்.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எல்லாரும் சண்டையைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள்: யார் யாரைக் கடிப்பார்கள், யார் யாரைத் தின்பார்கள் என்று. அதற்கும் வருகிறேன். ஆனால் அதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் ஒன்றையொன்று திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு மீனையும் நியூட்டையும் நீங்கள் தேடிக் கண்டுபிடித்தாலும், இரண்டுக்கும் ஏற்ற தண்ணீர் ஒன்று கிடையாது. இந்த நியூட் குளிர்ந்த நீரில் வாழப் பிறந்தது. 16 முதல் 20 டிகிரி செல்சியஸ் அதற்கு உகந்தது. 22 வரை தாங்கும். 24-ஐத் தாண்டினால் தீனி எடுப்பது குறையும். 26, 27 டிகிரியில் பல நாள் இருக்க நேர்ந்தால் நோய்வாய்ப்பட்டுச் சாகும். உங்கள் ஏஞ்சலுக்கு 24 முதல் 28 டிகிரி வரை வேண்டும். 'நடுவில் 23-இல் வைத்தால் என்ன?' என்று கேட்கத் தோன்றும். வைத்தால், மீனுக்குக் குளிர் மிகுந்து வெண்புள்ளி நோய்க்கு வழி திறக்கும், நியூட்டுக்குச் சூடு மிகுந்து ஒவ்வொரு நாளும் உடல் தளரும். இரண்டு தரப்புக்கும் பொதுவானது என்று நாம் நினைக்கும் அந்த வெப்பநிலை இரண்டுக்குமே எல்லைக்கோடு.

பெங்களூர் குளிர்ந்த ஊர்தானே என்பீர்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் டிசம்பர், ஜனவரி இரவுகளில் 15, 16 டிகிரிக்கு இறங்குகிறது. அந்த இரண்டு மாதமும் நியூட் வளர்ப்பவனுக்கு வரப்பிரசாதம்தான். ஆனால் மார்ச் முதல் மே வரையிலான பெங்களூர் வேறு ஊர். 2016 ஏப்ரல் 24 அன்று இந்த நகரில் 39.2 டிகிரி பதிவாயிற்று. அந்த வாரம் மாடி வீட்டில் இருந்த என் தொட்டியின் தெர்மாமீட்டர் பிற்பகல் மூன்று மணிக்கு 29-ஐக் காட்டியது. மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறைகளில் பகல் முழுதும் தளம் வாங்கிய வெயில் இரவிலும் இறங்கிக்கொண்டே இருக்கும், தொட்டி ஆறுவதற்கே விடியற்காலை ஆகிவிடும். உங்கள் மூன்றாம் மாடி கடைசி மாடியா என்பதை நீங்கள் எழுதவில்லை, அது முக்கியம்.

சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும். கடல்மட்டத்தில் 20 டிகிரி நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகிவிடும், நம் ஊரின் உயரத்தால் இன்னும் ஒரு பங்கு குறையும். நியூட்டுக்கு நுரையீரல் உண்டு, மேலே வந்து காற்றை விழுங்கிச் செல்லும் என்றாலும், அதன் மூச்சில் பெரும் பங்கு தோல் வழியாக நடக்கிறது. அந்த வாரம் என் நியூட்டுகளில் ஒன்று ஃபில்டர் குழாயின் மேல் ஏறி, பாதி உடல் தண்ணீருக்கு வெளியே இருக்க, அசையாமல் அமர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்தவர்கள், 'பாருங்கள், மேலே வந்து வேடிக்கை பார்க்கிறது' என்று மகிழ்ந்தார்கள். அது வேடிக்கை பார்க்கவில்லை. தண்ணீரில் இருக்க முடியாமல் வெளியேறியிருந்தது. நியூட் வளர்ப்பில் நான் கற்றதில் முக்கியமானது இது: மீன் சங்கடப்பட்டால் ஓடும், துள்ளும், நிறம் மாறும், மேற்பரப்பில் வாய் பிளக்கும், நியூட் சங்கடப்பட்டால் சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருத்தலை நாம் ஒற்றுமை என்று படித்துக்கொள்கிறோம். 'எங்கள் வீட்டில் மீனும் நியூட்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன, ஒரு தொந்தரவும் இல்லை' என்று சொல்பவர்களில் பலர் பார்த்துக்கொண்டிருப்பது இந்த மௌனத்தைத்தான்.

அடுத்தது தோல். நியூட் வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. தண்ணீரில் கரைந்திருப்பது எதுவானாலும், நல்லதோ கெட்டதோ, அதன் உடலுக்குள் செல்ல வழி உண்டு. செதிலும் அதன் மேல் வழவழப்பான படலமும் கொண்ட மீன் தாங்கிக்கொள்ளும் அழுக்கை இது தாங்காது. உங்கள் தொட்டியில் இருபதுக்கும் மேற்பட்ட மீன்கள் இருக்கின்றன; அவற்றில் அந்த சக்கர் ஒன்றே நாள் முழுதும் கழிவை இழையிழையாக விட்டுக்கொண்டிருக்கும். கழிவிலிருந்து அம்மோனியா, அதிலிருந்து நைட்ரைட், பிறகு நைட்ரேட் என்று பாக்டீரியா மாற்றும் சுழற்சி உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாமல் போகக்கூடிய ஒன்று, அம்மோனியாவின் நஞ்சு எல்லாத் தண்ணீரிலும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பது. 25 டிகிரியில், பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நஞ்சான வடிவில் இருப்பதில்லை. அதே நீரின் பி.எச். 8 ஆனால் நூற்றுக்கு ஐந்துக்கும் மேல். வெப்பம் ஏறினால் இன்னும் கூடும். போர்வெல் தண்ணீரையோ டேங்கர் தண்ணீரையோ பயன்படுத்துபவர்களின் தொட்டிகளில் பி.எச். 8-ஐ ஒட்டி நிற்பது அரிதல்ல. போர்வெல் நீரில் குழாயிலிருந்து வரும்போதே நைட்ரேட் மிகுந்திருக்கும் பகுதிகளும் இந்த நகரில் உண்டு. ஆகவே தொட்டி நீரைச் சோதிக்கும்போது குழாய் நீரையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

மருந்து என்பது தனிச் சிக்கல். மீனுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை என்றால் நாம் முதலில் செய்வது ஒரு கைப்பிடி கல்லுப்பைப் போடுவது. அடுத்து வெப்பத்தை 30-க்கு ஏற்றுவது. அதற்கும் மசியவில்லை என்றால் மாலகைட் கிரீன், ஃபார்மலின், செம்பு கலந்த மருந்துகள். மீனுக்குப் பலன் தரும் இவை எல்லாமே, அந்த அளவில், நியூட்டுக்குக் கேடு. நான் ஒன்றாக வைத்திருந்த காலத்தில் கப்பிகளுக்கு வெண்புள்ளி வந்தது. கடையில் கொடுத்த நீல நிற மருந்தை, புட்டியில் எழுதியிருந்த அளவுக்குப் பாதி என்று கணக்குப் பார்த்துத்தான் விட்டேன். மறுநாள் காலையில் நியூட்டின் முதுகுத் தோல், நனைந்த வெங்காயச் சருகைப்போல், பட்டை பட்டையாக உரிந்து மிதந்தது. நியூட் தோல் உரிப்பது இயற்கைதான். ஆனால் நலமாக இருக்கும் நியூட் ஒரே உறையாகக் கழற்றி, அதைத் தானே தின்றுவிடும். கிழிந்து கிழிந்து உரிந்தால் தோல் வெந்திருக்கிறது என்று பொருள். உடனே தனியே எடுத்துக் குளிர்ந்த சுத்த நீரில் வைத்து, நாள்தோறும் நீர் மாற்றி ஒன்றைக் காப்பாற்றினேன். மற்றொன்று ஐந்தாம் நாள் போய்விட்டது. மீனுக்கு வைத்தியம் பார்த்தால் நியூட்டுக்குத் தீங்கு, பார்க்காவிட்டால் மீனுக்குச் சாவு என்ற அந்த நிலைக்கு நீங்கள் வரக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இனி கடிப்பதைப் பற்றி. ஏஞ்சல் மெதுவாக அசையும் எதையும் கொத்திப் பார்க்கும். நியூட்டின் கால்விரல்களும் வால் ஓரமும் அதற்குப் புழுவாகத் தெரியும். சக்கர் மீன் பாசி தின்பது என்று பெயரே தவிர, வளர வளர, அசையாமல் கிடக்கும் உயிர்களின் மேல் ஒட்டிக்கொண்டு தோலின் வழவழப்பைச் சுரண்டும். இரவில் அடியில் அமைதியாகக் கிடக்கும் நியூட் அதற்கு எளிதான இலக்கு. மறுபுறம், கப்பியும் நியானும் நியூட்டுக்கு இரை. பகலில் பிடிக்க முடியாத அளவு வேகமான மீன்கள், விளக்கு அணைந்த பின் செடிகளுக்கிடையே அசையாமல் நிற்கும். நியூட் மோப்பம் பிடித்து வந்து வாய்க்குள் அடங்குவதை விழுங்கும். எண்ணிப் பார்க்காதவர்களுக்கு இது தெரியவே தெரியாது. பன்னிரண்டு நியான் ஒன்பதாகி, பிறகு ஆறாகும்போதுதான் சந்தேகம் வரும்.

'வால் போனால் போகட்டும், நியூட்டுக்குத் திரும்ப வளரும்' என்று சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். வளரும் என்பது உண்மை. ஜப்பானிய ஃபயர் பெல்லி நியூட்டுகளின் கண் லென்ஸை 16 ஆண்டுகளில் 18 முறை நீக்கியும், ஒவ்வொரு முறையும் அது குறையின்றி வளர்ந்ததாக ஓர் ஆய்வு 2011-இல் வெளியானது. இப்படியொரு உயிரை நம் வீட்டுத் தண்ணீரில் வைத்திருப்பதே பெரும் பேறு. ஆனால் அந்த வளர்ச்சி சுத்தமான, குளிர்ந்த, தொந்தரவில்லாத நீரில் நடப்பது. மீன் கழிவு நிறைந்த 27 டிகிரி நீரில், கடிபட்ட இடத்தில் முதலில் வளர்வது பஞ்சுபோன்ற வெண்பூஞ்சை.

கடியைவிட நான் அதிகம் கண்ட கேடு பட்டினி. ஒரு நியூட் தின்பதை ஒருமுறை அருகிலிருந்து பாருங்கள். மண்புழுத் துண்டு ஒன்றை அதன் முன்னால் போட்டால் உடனே பாயாது. முதலில் தலையை இலேசாகத் திருப்பும். பிறகு ஒரு முன்காலைத் தூக்கி, அதை எங்கே வைப்பது என்று யோசிப்பதுபோல் சற்று நேரம் தொங்கவிடும். மூக்கைப் புழுவின் மேல் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டு நிற்கும். புழு நெளிந்தால்தான் முடிவுக்கு வரும். இதற்குள் அரை நிமிடம் ஆகிவிடும். இவ்வளவு நேரமும் உங்கள் ஏஞ்சல் காத்திருக்குமா? புழு தரையைத் தொடுவதற்கு முன்பே கொண்டுபோய்விடும். நியூட் வாயைத் திறக்கும்போது அங்கே ஒன்றும் இருக்காது. இப்படியே மூன்று நான்கு வாரம் சென்றால், வாலின் அடியில் உள்ள சதை வற்றி, இடுப்பெலும்பு இரண்டு முனைகளாகத் துருத்தும். மீன் தொட்டியில் விட்ட நியூட் 'காரணமே இல்லாமல்' செத்துவிட்டது என்று சொல்லப்படும் கதைகளில் பலவற்றின் காரணம் இதுவாக இருக்கும்.

நஞ்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், உங்கள் வீட்டில் குழந்தை இருப்பதால். அந்தச் சிவந்த வயிறு அழகுக்காக அமைந்தது அல்ல, 'என்னைத் தின்னாதே' என்ற அறிவிப்பு. இந்த நியூட்டுகளின் தோலில் டெட்ரோடோடாக்சின் என்னும் நஞ்சு உண்டு. நம் கடற்கரைகளில் வலையில் சிக்கும் பேத்தை மீனில் இருப்பதும் இதே நஞ்சுதான். நியூட்டை விழுங்கிய மீன் சாகக்கூடும். கையில் எடுப்பதால் மட்டும் மனிதருக்கு ஆபத்து வராது. வாய், கண், வெட்டுக்காயம் ஆகியவற்றில் படக்கூடாது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1979-இல் ஒருவர், இதைவிடப் பல மடங்கு நஞ்சுள்ள வேறொரு நியூட் இனத்தை விழுங்கி இறந்தார். உங்கள் மகளிடம் பயமுறுத்தாமல் சொல்லுங்கள்: பார்க்கலாம், இடுக்கியால் தீனி கொடுக்கலாம், கையில் எடுக்கக்கூடாது, தொட்டித் தண்ணீரில் கைவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நம் கையில் உள்ள சோப்பும் கிரீமும் சூடும் நியூட்டின் தோலுக்கு ஆகாது என்பதால் இந்தக் கட்டுப்பாடு இருபுறமும் நல்லது.

நோய் என்ற காரணம் கண்ணுக்குத் தெரியாதது, ஆகவே எளிதில் தள்ளிவிடப்படுவது. இருவாழ்விகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை 1999-இல் அறிவியல் பெயர் பெற்றது. உலகெங்கும் தவளை இனங்கள் அழிந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. நெதர்லாந்தில் சாலமாண்டர்கள் (நியூட்டும் சேர்ந்த, வாலுள்ள இருவாழ்விகள்) கூட்டங்கூட்டமாக மடிந்ததைத் தொடர்ந்து, அவற்றையே குறிப்பாகத் தாக்கும் இரண்டாவது பூஞ்சை 2013-இல் விவரிக்கப்பட்டது. ஆசியாவிலிருந்து வளர்ப்பு விலங்கு வணிகத்தின் வழியாக அது ஐரோப்பாவுக்குச் சென்றிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. அமெரிக்க அரசு 2016-இல் 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் அதனால்தான். மீன் கடைகளில் பல தொட்டிகளுக்கு ஒரே வலை, ஒரே குழாய், பக்கத்துத் தொட்டியிலேயே தவளை. ரஸ்ஸல் மார்க்கெட் பக்கத்துக் கடைகளானாலும் சென்னைக் கொளத்தூரிலிருந்து வரும் சரக்கானாலும், ஒவ்வொரு புதிய மீனும் தன் நீரோடு பல ஊர்த் தண்ணீரைக் கொண்டுவருகிறது. ஆகவே நியூட் தொட்டிக்கு வலை, சைபன் குழாய், வாளி எல்லாம் தனியாக இருக்கட்டும். நியூட் தொட்டியின் கழிவு நீரை மழைநீர் வடிகாலில் ஊற்ற வேண்டாம், கழிப்பறையில் ஊற்றுங்கள். வளர்க்க முடியாமல் போனாலும் அல்சூர் ஏரியில் விடுவது என்ற எண்ணமே வரக்கூடாது. சிவப்புக் காது ஆமையும் சக்கர் மீனும் அப்படி விடப்பட்டுத்தான் நம் ஏரிகளுக்கு வந்து சேர்ந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையின் தவளைகளுக்கு நாம் இன்னொரு நோயை அனுப்பிவைக்க வேண்டியதில்லை.

விதிவிலக்கே இல்லையா என்றால், ஒன்றைச் சொல்லலாம். ஒயிட் கிளவுட் எனப்படும் மீன், சீனாவின் குவாங்சௌ நகருக்கு அருகிலுள்ள வெண்முகில் மலை ஓடைகளைச் சேர்ந்தது. 1932-இல் பெயர் பெற்றது. 18 முதல் 22 டிகிரியில் நன்றாக வாழ்வது. சிறியது, வேகமானது, பிறரைக் கொத்தாதது. நூறு லிட்டருக்குக் குறையாத தொட்டியில், நியூட்டுகள் முதலில் குடியேறிச் சில மாதம் பழகிய பின், ஒரு மாதமாவது தனியே வைத்துக் கவனித்த எட்டுப் பத்து ஒயிட் கிளவுட்டுகளை விடலாம், சில இரையாகிவிடும் என்பதை ஏற்றுக்கொள்வதானால். அனுபவம் உள்ளவர்கள் செய்வதுண்டு. உங்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. முதல் ஆண்டில் நியூட்டின் இயல்பைப் படிப்பதற்கே கவனம் போதாது. தொட்டி வெறிச்சோடித் தெரிகிறது என்றால் சிறு நத்தைகளையும் செர்ரி இறாலையும் விடுங்கள். மிச்சத் தீனியைத் தின்று சுத்தமும் செய்யும், குஞ்சுகள் நியூட்டுக்கு இரையும் ஆகும். கோரிடோராஸ் என்னும் சிறு கெளுத்தி மீன் வேண்டவே வேண்டாம். விழுங்கப்பட்டால் அதன் முள் விறைத்துக்கொண்டு தொண்டையில் தைத்து, இரண்டும் சாகும். கோல்டு ஃபிஷ் குளிர்நீர் மீன்தானே என்று கடையில் சொல்வார்கள். அதன் கழிவின் அளவே அதை விலக்கப் போதும்.

இடம் குறைவு என்றீர்கள். இரண்டு நியூட்டுகளுக்கு இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டி, அதாவது முழுக் கொள்ளளவு ஏறத்தாழ 56 லிட்டர், போதுமானது. அதை மீன் தொட்டியின் ஸ்டாண்டிலேயே கீழ்த்தட்டில் வைத்துவிடலாம். மேலே இருப்பதைவிடக் கீழே ஓரிரு டிகிரி குளிர்ச்சியும் கிடைக்கும். தண்ணீர் எட்டு ஒன்பது அங்குல உயரம் இருக்கட்டும். நீரோட்டம் நியூட்டுக்குப் பிடிக்காது. பவர் ஃபில்டரைத் தவிர்த்து, ஸ்பாஞ்ச் ஃபில்டரை மெதுவான காற்றில் ஓடவிடுங்கள், அதுவும் உங்கள் பழைய தொட்டியில் சில வாரம் கிடந்து பாக்டீரியா ஏறிய ஸ்பாஞ்சாக இல்லாமல் புதியதாக இருந்தால், தொட்டி பதப்படும் வரை நாள்விட்டு நாள் கால்பங்கு நீர் மாற்ற வேண்டியிருக்கும். மீன்களுக்கு இப்போது நோய் இல்லை, அண்மையில் மருந்தும் போடவில்லை என்றால் அந்த ஸ்பாஞ்சைக் கொண்டுவரலாம் என்பது என் எண்ணம். சிறிது ஐயம் இருந்தாலும் வேண்டாம். அடியில் விழுங்கக்கூடிய பொடிக்கல் கூடாது. மெல்லிய மணலோ, தலையைவிடப் பெரிய கூழாங்கற்களோ போடுங்கள். ஜாவா மாஸ் என்னும் பாசிபோன்ற நீர்ச்செடியை நிறைய வைத்தால் அதிலேயே படுத்துக்கொள்ளும், முட்டையும் இடும். ஏறி உட்கார ஒரு மிதக்கும் மரப்பட்டை வேண்டும். குழாயில் வரும் காவிரித் தண்ணீரானால் குளோரின் நீக்கும் சொட்டுமருந்து கட்டாயம்.

மூடியைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகவே சொல்கிறேன். ஈரத் தோலோடு நியூட் செங்குத்தான கண்ணாடியில் ஏறும்; ஏர் குழாய் நுழையும் இடைவெளி அதற்குப் போதும். வெளியே வந்த நியூட், கட்டிலுக்கு அடியில், தூசி ஒட்டிய காய்ந்த மிளகாய் போல, இரண்டு நாள் கழித்துக் கிடைக்கும். மூடி கம்பிவலையாக, கனமாக, எல்லா மூலையிலும் பொருந்துவதாக இருக்க வேண்டும். கண்ணாடி மூடி போட்டால் சூடு வெளியேறாது.

கோடைக்குச் சில்லர் என்னும் நீர் குளிர்விக்கும் கருவியை வாங்கினால் கவலை இல்லை, ஆனால் விலை தொட்டியின் விலையைப்போலப் பல மடங்கு. பெரும்பாலும் அது இல்லாமலே சமாளிக்கலாம் என்பதுதான் பெங்களூரின் நன்மை. தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாகக் காற்று படும்படி ஒரு சிறு விசிறியை வைத்தால், நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கொண்டுபோகும். மார்ச், ஏப்ரலில் இங்கே காற்று உலர்ந்திருப்பதால் மூன்று நான்கு டிகிரி வரை இறங்குகிறது. இதே விசிறியைச் சென்னையில் வைத்த நண்பருக்கு ஒரு டிகிரிகூட இறங்கவில்லை, ஏனென்றால் அங்கே காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கிறது. ஆவியான நீரை நாள்தோறும் ஈடுசெய்யுங்கள். உறைந்த தண்ணீர் பாட்டிலைப் போடுவது அவசரத்துக்கு மட்டும்; ஒரு மணி நேரத்தில் ஐந்து டிகிரி இறங்கி மீண்டும் ஏறுவது தொடர்ந்து 25-இல் இருப்பதைவிட மோசமானது. விசிறியையும் ஏர் பம்பையும் வீட்டின் யூ.பி.எஸ். இணைப்பில் மாட்டிவிடுங்கள், கோடையில் மின்சாரம் போவது சரியாகப் பிற்பகலில்தான்.

தீனி வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும்: நறுக்கிய மண்புழு, பிளட்வார்ம் என்னும் உறைந்த சிவப்புப் புழுவை உருக்கி எடுத்தது. மண்புழுவை உரமோ பூச்சிமருந்தோ படாத இடத்திலிருந்து எடுங்கள். மீன் தீனி உருண்டைகளை அவை பெரும்பாலும் கண்டுகொள்ளாது.

கடைசியாக, வந்திருப்பவை எவை என்பதை உறுதிசெய்யுங்கள். தடித்த உடலும் துடுப்புபோல அகன்ற வாலும் இருந்தால் அது பேடில்டெயில் என்னும் வேறினம். ஒன்றையொன்று கடிக்கும், ஆகவே இரண்டையும் ஒரே தொட்டியில்கூட வைக்க முடியாது. கழுத்தில் இறகுபோன்ற செவுள்கள் வெளியே தெரிந்தால் அது ஆக்சலாட்டல். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள இனம் என்பதால், 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பழுப்பு நிறத்தில், முதுகின் இருபுறமும் வரிசையாகக் கொப்புளம் போன்ற முடிச்சுகளோடு இருந்தால், அது டார்ஜிலிங், வடகிழக்கு மலைகளின் சாலமாண்டராக இருக்கலாம். இந்தியாவில் இயற்கையாக வாழும் வாலுள்ள இருவாழ்விகள் அங்கே மட்டுமே உள்ளன, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ள அவற்றை வீட்டில் வைத்திருக்கவே கூடாது, வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். உறவினர் எங்கே, எப்போது வாங்கினார் என்பதையும், ரசீது இருந்தால் அதையும், அவர் விமானம் ஏறுவதற்கு முன் கேட்டு வாங்கிவிடுங்கள்.

புதுத் தொட்டி வரும் வரை டப்பிலேயே இருக்கட்டும், கெடுதல் இல்லை. மூடியில் துளை போட்டு, கனமான எதையாவது மேலே வைத்து, குளியலறைத் தரையில் வெயில் படாத மூலையில் வையுங்கள். அந்தக் குளியலறையில் ஃபினாயில் தெளிக்க வேண்டாம். குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையில் உள்ள நீரை நாள்தோறும் பாதி மாற்றுங்கள். ஒரு தெர்மாமீட்டரை அதில் போட்டு, ஒரு வாரம், காலை ஆறு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் குறித்துவையுங்கள். அந்தப் பதினான்கு எண்களை எனக்கு எழுதுங்கள். ஸ்டாண்டின் கீழ்த்தட்டு போதுமா, விசிறி போதுமா, சில்லர் வேண்டுமா என்பதை அவற்றைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.